மாதிரிக் கையேடு

கொழும்பிலிருந்து மின்னஞ்சலில் வந்தது மாதிரி.
கரீபியன் கடலில் ஏதோவொரு துறைமுக நகரம்.
"இதைப் பாத்து எங்கட முல்லைத்தீவுக்கும் ஒண்டு,
வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும் பிள்ளை"
என்றார் உதவிப் பணிப்பாளர் புவிராஜசிங்கம்.
நாலு பக்கம். மூன்று மொழி.
வரலாறு நூற்றைம்பது சொல்லுக்கு மேற்படாமல்.

அந்த ஊரில் வீடுகள் எலுமிச்சை, ஊதா, பப்பாசிப்பழ நிறம்.
கோட்டைக்குள் ஹோட்டல்.
பீரங்கி வாயில் பூச்செடி.
புதன்கிழமைகளில் வெள்ளைக் கப்பல் வரும்;
மூவாயிரம் பேர் இறங்கிக்
கரும்புச் சாராயம் ருசி பார்த்து
கொள்ளைக்காரன் தொப்பி போட்டுப் படம் எடுத்து
இருட்டுமுன் ஏறிவிடுவார்கள்.
அதற்குக் கீழே, அதே எழுத்தளவில்,
அடிமைகளை விற்ற முற்றம்.
காலை ஒன்பது முதல் ஐந்து வரை. திங்கள் விடுமுறை.
சிறுவருக்கு அரைக்கட்டணம்.

தேத்தண்ணி ஆறிவிட்டது.
தட்டச்சத் தொடங்கினேன்.

கோட்டை: இருந்தது. ஒல்லாந்தர் கட்டியது.
கிழக்குக்கு ஒரு கம்பனி, மேற்குக்கு ஒரு கம்பனி வைத்திருந்தவர்கள்,
அங்கே சீனி எடுத்தார்கள், இங்கே யானை.
அங்கே சுவர் நிற்கிறது.
இங்கே எங்கே என்று நாலு பேரைக் கேட்டேன்,
நாலு திசையில் கை நீட்டினார்கள்.
பீரங்கி: வன்னியன் கொண்டுபோனது.
திருப்பித் தரவில்லை என்று சேர்க்கலாமா, சேர்?
வெளிச்சவீடு: இருந்தது.
கப்பல்: ஒன்று தரைதட்டித் துருவேறி நின்றது.
தெற்கிலிருந்து பஸ்களில் வந்து பார்த்தார்கள்.
இரும்புக்கு வெட்டி விற்றாயிற்று.

'இருந்தது' என்பதைத்
தனிச் சொல்லாக எண்ணுவார்களா
எல்லாம் சேர்த்து ஒன்றாகவா?

கடற்கரை இருக்கிறது.
யாருடைய கடற்கரைக்கும் குறைந்ததில்லை.
கரைவலை இழுப்பதைக் கிட்ட நின்று பார்க்கலாம்;
படம் எடுக்கிறவை ஒருக்கா கயிறையும் பிடிச்சால் புண்ணியம்
என்று எழுதச் சொன்னார் சம்மாட்டி மரியநேசன்.
எழுதினேன்.
வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல்:
கடல்நீரில் விளக்கெரியும்.
இதற்கு அடைமொழி தேவைப்படவில்லை.

அடுத்தது வட்டுவாகல் பாலம்.
நீளம், ஒடுக்கம், மாரியில் தண்ணீர் மேவும்.
இருபுறமும் கொக்குகள்.
பொழுதுபடும் நேரம்
நந்திக்கடல் செம்பு நிறமாகும்.

இங்கே கை நின்றது.

எங்கள் பிரிவில் பத்துப் பேர்.
எட்டுப் பேர் அந்த மே மாதம் இதில் நடந்து வந்தவர்கள்.
எனக்குப் பதின்மூன்று வயது, ஒரு காலில் மட்டும் செருப்பு.
கொக்கு நின்றதா? நான் பார்க்கவில்லை.
முன்னால் போனவரின் சாரத்தில் இருந்த கிழிசலைப் பார்த்தபடி வந்தேன்,
அதை இன்றைக்கும் வரைந்து காட்ட முடியும்.

புவிராஜசிங்கம் சேர் பிள்ளைகள் இரண்டோடு வந்தவர்.
மனைவியோடு புறப்பட்டவர்.

அந்த நகரத்திலும் ஒருத்தி இருந்திருப்பாள்.
இதேபோல் காற்றாடி கிறீச்சிடும் கந்தோரில்,
அவளுக்கும் ஏதோவொரு வெள்ளிக்கிழமை.
பாட்டனின் பாட்டியை விலைபேசிய முற்றத்துக்கு
நுழைவுக்கட்டணம் எவ்வளவு போடுவது என்று
யாரைக் கேட்டிருப்பாள்?
திங்கள் விடுமுறை என்பது
அவள் தனக்காக வைத்துக்கொண்ட நாளோ?

அச்சுக்குப் போகுமுன் சேர் வாசித்தார்.
கோட்டையில் ஒரு எழுத்துப்பிழை பிடித்தார்.
பீரங்கிப் பகிடியை வெட்டினார்.
பாலத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி போட்டார்.
'திறந்திருக்கும் நேரம்' வெறுமையாகக் கிடந்தது.
அதில் ஒன்றும் எழுதவில்லை.
கீழே, பயணிகள் கவனத்துக்கு என்ற இடத்தில்
பச்சைப் பேனையால் ஒரு வரி:

ஒரு பக்கத்தார் வந்து முடியும்வரை
மறுபக்கத்தார் பொறுத்து நிற்கவும்.